பூக்க மறுத்த பிச்சிக்கொடி



என் மூத்த சகோதரியின் வீட்டுப் பின்முற்றத்தில் 2019ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு பிச்சிக் கன்று நடப்பட்டது. மழை பெய்தது; கன்று வேர் பிடித்தது; இரண்டே ஆண்டுகளில் பந்தல் கொள்ளாத அளவுக்குத் தழைத்தது. முற்றத்திற்குள் நுழைவோர் யாவரும், "எவ்வளவு செழிப்பான கொடி!" என்று வியந்து சென்றனர். ஆனால் வியந்தவர் எவரும் அதிலிருந்து ஒரு பூவைக் கண்டதில்லை. 2023 வரையிலான நான்கு ஆண்டுகளில் அது தந்த பூக்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு முழம் தொடுக்கப் போதாது.

அழகுக்காக வைத்த கொடியாயின் இதனைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. சகோதரி அதனை நட்டதற்குக் காரணம் வேறு. எங்கள் பகுதியில் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றிப் பிழைக்கின்றனர். அவரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கூலிக்கு உழைத்து, பிள்ளைகளை வளர்த்தவர். ஓயாத இருமலுக்காக மருத்துவரிடம் சென்றபோது, "இந்தத் தூசியிலிருந்து விலகுங்கள், முடியாவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கண்டிப்பாகக் கூறினார். பீடியைக் குறைத்தால் வருமானமும் குறையும் அன்றோ? அந்தக் குறையில் ஒரு சிறு பகுதியையேனும் பூத் தொடுத்து ஈடுகட்டலாம் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தின் முதல் விதையே அந்தக் கொடி.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அங்குச் சென்றிருந்தேன். மருமகன் என்னை முற்றத்திற்கு அழைத்துச் சென்று, "மாமா, நாலு வருஷமா தண்ணி ஊத்துறோம். இலையைத் தவிர ஒண்ணும் மிச்சமில்லை. இதை வெட்டிட்டு வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். அடுக்களை வாசலில் நின்ற சகோதரி, "இன்னும் ஒரு வருஷம் பொறுடா வாப்பா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் வாதம் இல்லை, கெஞ்சல் இருந்தது.

என் பிழை

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கொடி பூக்காமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. 2021ஆம் ஆண்டில் சகோதரி என்னிடம், "தம்பி, நீ படித்தவன், இதற்கு என்ன போடலாம்?" என்று கேட்டார். நான் படித்தது இலக்கியமும் வரலாறும். செடிகொடிகளைப் பற்றி ஏதும் அறியாதவன் என்று ஒப்புக்கொள்ள நாணி, "யூரியா போடுங்கள், நன்றாக வரும்" என்று சொல்லிவிட்டேன். கொடி நன்றாகத்தான் வந்தது, இலையாக வந்தது! ஆண்டுதோறும் யூரியாவும் ஆட்டெருவும் மாறி மாறிப் போட்டதில், தழை மேலும் தழைத்ததே தவிர அரும்பு கட்டவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத ஒரு சொல், ஓர் ஏழைப் பெண்ணின் இரண்டு ஆண்டுகளை வீணாக்கிற்று. அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில், பூச் சாகுபடியில் பழகிய விவசாயிகளிடம் கேட்டும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளைப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே கீழே தருகின்றேன். என்னைப் போலவே பிழை செய்துகொண்டிருப்போர் வாசகரிடையே இருக்கக்கூடும்.

முதலில் எந்தக் கொடி என்று அறிக

மல்லிகை இனத்தில் நம் வீடுகளில் காணப்படுபவை பெரும்பாலும் மூன்று. மூன்றையும் ஒரே மாதத்தில், ஒரே உயரத்தில் வெட்டுதல் கூடாது. ஆகையால் கத்தரியை எடுப்பதற்கு முன் இலையைப் பார்த்து இனத்தை அறிதல் வேண்டும்.

குண்டுமல்லியின் இலை தனி இலை. கணுவுக்குக் கணு எதிரெதிராக இருக்கும். இதனை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்ட வேண்டும்.

முல்லையின் இலையில் நடுவே ஒரு பெரிய சிற்றிலையும், அதன் அடியில் இருபுறமும் காதுமடல் போன்ற மிகச் சிறிய இரண்டு சிற்றிலைகளும் இருக்கும். அந்தச் சிறியவை சில இலைகளில் கண்ணுக்கே தென்படா. இதற்குரிய காலம் ஜனவரி கடைசி வாரம்; உயரம் 45 சென்டிமீட்டர்.

பிச்சியின் இலை வேம்பிலையைப் போல ஒரே காம்பில் பல சிற்றிலைகளைக் கொண்டது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினொன்று வரை இருக்கும். மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் தோன்றும். தென்மாவட்டங்களில் பிச்சி என்பதையே வேறு சில மாவட்டங்களில் ஜாதிமல்லி என்பர். இதனை டிசம்பர் கடைசி வாரத்தில், 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும்.

சகோதரியின் கொடி பிச்சி. நான் சென்றது கார்த்திகை மாதம். ஆகவே எங்களுக்கு ஒரு மாத அவகாசம் கிடைத்தது. அந்த ஒரு மாதத்தைக் கொடியைக் கவனித்துப் பார்ப்பதில் செலவிட்டோம்.

பூக்காமைக்கு நான்கு காரணங்கள்

முதற்காரணம் வெயிலின்மை. மல்லிகை இனம் யாவும் வெயிலை விரும்புபவை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேரடி வெயில் படாத இடத்தில் அவை இலை விடும், பூ விடா. பந்தலின் கிழக்கே ஒரு முருங்கை மரம் கிளை பரப்பி நின்றது. காலை வெயிலை முழுவதும் அதுவே வாங்கிக்கொண்டது. உச்சிப் பொழுதுக்குப் பின்னரே கொடிக்கு வெயில் கிடைத்தது. அதுவும் மூன்று மணி நேரந்தான்.

இரண்டாங்காரணம் அளவுக்கு மீறிய தழைச்சத்து. யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு தழைச்சத்து உண்டு. மணிச்சத்தோ சாம்பல்சத்தோ சிறிதும் இல்லை. தழைச்சத்து மட்டும் மிகுந்தால் கொடி தன் வலிமையை எல்லாம் இலையிலும் தண்டிலுமே செலவிடும்.

மூன்றாங்காரணம் ஓயாத ஈரம். அடுக்களையில் பாத்திரம் கழுவிய நீர் முழுவதும் கொடியின் அடியில் விடப்பட்டு வந்தது. மண் எக்காலமும் சேறாகவே இருந்தது. சோப்பு நீர் தொடர்ந்து சேர்ந்ததால் மண்ணில் உவர்த்தன்மை ஏறியிருந்தது. இளம் இலைகளில் நரம்பு பசுமையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றியதே அதற்குச் சான்று. இவ்வாறு தோன்றினால் வேர்கள் இரும்புச்சத்தை எடுக்க இயலாமல் தவிக்கின்றன என்று பொருள்.

நான்காவதும் தலையாயதும் ஆகிய காரணம், நட்ட நாள் முதல் ஒருமுறையேனும் கவாத்துச் செய்யாமை. பிச்சி, முதிர்ந்த பழங்கிளைகளில் பூப்பதில்லை. புதிதாகக் கிளைக்கும் தளிர்க் கிளைகளின் நுனியிலும், இலைக் கக்கங்களிலுமே அரும்பு கட்டும். கொடியின் நுனி இருக்கும் வரை, அது தனக்குக் கீழேயுள்ள பக்க மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கும். நுனியை நீக்கினால் உறங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் விழித்தெழும். ஒரு கிளை நின்ற இடத்தில் மூன்று, நான்கு கிளைகள் தோன்றும். கிளை பெருகினால் பூக்கும் நுனிகளும் பெருகும். கவாத்தின் இரகசியம் இவ்வளவே.

வெட்டிய நாள்

வெட்டுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நீர் விடுவதை நிறுத்தினோம். அடுக்களை நீரை வேறு பக்கமாக வாழை மரத்திற்குத் திருப்பிவிட்டோம். முருங்கையின் மேற்குக் கிளைகளை வெட்டினோம். அந்தப் பருவத்துக் காயை இழக்க நேருமே என்று தயங்கினாலும், சகோதரி உடன்பட்டார்.

ஆனால் டிசம்பர் 31ஆம் நாள் காலையில், கொடியை வெட்டக் கத்தரியுடன் நின்றபோது அவர் முகம் வாடிவிட்டது. "பச்சையாக நிற்பதை இடுப்பளவுக்கு வெட்டினால் மிஞ்சுமா தம்பி?" என்று கேட்டார். முன்னொருமுறை தெரியாமலே "நன்றாக வரும்" என்று சொன்னவன் நான். இம்முறை அவ்வாறு சொல்ல என் நா எழவில்லை. "காலம் சரி, உயரம் சரி, இனியுள்ளது நம் கையில் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வெட்டு" என்றார்.

கவாத்து செய்யும் முறை வருமாறு: கத்தரி கூர்மையாக இருத்தல் வேண்டும், மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். முதலில் காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசும் கிளைகள் ஆகியவற்றை அடியோடு நீக்க வேண்டும். அடுத்து, தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் அளந்து, அதற்கு மேலுள்ளவற்றை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குச் சற்று மேலாக, நீர் தங்காதவாறு சாய்வாக அமைதல் நன்று. எஞ்சிய தண்டுகளில் உள்ள பழைய இலைகளையும் உருவிவிட வேண்டும். வெட்டியவற்றைக் கொடியின் அடியிலேயே குவித்து வைத்தல் கூடாது. அவற்றில் பூச்சியும் பூஞ்சாணமும் தங்கும்.

வேலை முடிந்தபோது, பந்தல் வெறுமையாக நின்றது. அதன் கீழே ஒன்பது குச்சிகள் நின்றன. மருமகன் எட்டிப் பார்த்து, "கொட்டகைக்கு இடம் தயார் மாமா" என்று சிரித்தார். சகோதரி சிரிக்கவில்லை.

எரு இடும் முறை

கவாத்துக்குப் பின் கொடி பசித்திருக்கும். எனினும் எதைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, வட்டமாக ஆழமில்லாத பாத்தி எடுத்து, நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ இட்டு மண்ணுடன் கலக்க வேண்டும். மக்காத சாணத்தை இட்டால் சூடு தாக்கி வேர் கருகும். பிச்சிக்குப் பரிந்துரைக்கப்படும் சத்துகள், ஆண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 100 கிராம், மணிச்சத்து 150 கிராம், சாம்பல்சத்து 100 கிராம் ஆகும். இதனை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு பாதியும், ஜூன், ஜூலை மாதங்களில் மறுபாதியும் இட வேண்டும். கடைச் சரக்கின் கணக்கில் ஒரு தவணைக்கு யூரியா ஏறத்தாழ 110 கிராம், சூப்பர் பாஸ்பேட் 470 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 85 கிராம் வரும். மல்லிக்கும் முல்லைக்கும் ஆண்டளவு முறையே 60, 120, 120 கிராம் ஆகும். உரமிட்டவுடன் நீர் விடுதல் இன்றியமையாதது.

எங்கள் கொடிக்கு முன்பே யூரியா மிகுதியாகச் சென்றிருந்ததால், முதல் தவணையில் அதனை அறவே விட்டுவிட்டோம். தொழுவுரத்தில் உள்ள தழைச்சத்தே புதுத்தளிருக்குப் போதும் என்று கருதினோம். இலை மஞ்சளித்தமைக்கு, அன்னபேதி எனப்படும் பெரஸ் சல்பேட்டை லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, புதிய இலைகள் வந்தபின் மாதம் ஒருமுறை மாலையில் தெளித்தோம். இரண்டு முறை தெளித்ததும் பசுமை திரும்பிற்று.

கடை உரம் வேண்டாம் என்போர், மணிச்சத்துக்கு எலும்புத்தூளும், சாம்பல்சத்துக்கு விறகுச் சாம்பலும், பொதுவான ஊட்டத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீரும் பயன்படுத்தலாம். ஆனால் உவர் ஏறிய மண்ணில் சாம்பலைத் தவிர்ப்பது நலம். அது உவர்த்தன்மையை மேலும் கூட்டும்.

காத்திருந்த காலம்

தை மாதத்தின் நடுவில், ஒன்பது குச்சிகளில் ஏழில் கணுக்கள் பருத்தன. ஒரு வாரத்தில் செந்நிறம் கலந்த தளிர்கள் எட்டிப் பார்த்தன. மீதி இரண்டும் காய்ந்துபோயின. மாசி முடிவதற்குள் ஒவ்வொரு குச்சியிலும் மூன்று, நான்கு கிளைகள் பிரிந்தன. அவற்றுள் வலியவற்றை மட்டும் பந்தலில் ஏற்றிக் கட்டினோம். மேல்மண் காய்ந்த பிறகே நீர் விடுவது என்று வழக்கத்தை மாற்றிக்கொண்டோம்.

பங்குனி வந்தது; பூ வரவில்லை. நான் அந்த வீட்டிற்குச் செல்வதற்கே அஞ்சினேன் என்றால் மிகையாகாது. சித்திரை மாதக் கடைசியில் ஒருநாள் அதிகாலையில் தொலைபேசி ஒலித்தது. மருமகன்தான் பேசினார்: "மாமா, உம்மா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. பதினோரு மொட்டு!" எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்! கொட்டகை போட நினைத்தவரே எண்ணியிருக்கிறார் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி.

ஆனியில் இரண்டாம் தவணை உரம் இடப்பட்டது. ஆடி முதல் ஐப்பசி வரை அந்தக் கொடி ஓயாமல் பூத்தது. சாதாரண நாளில் ஒரு கைப்பிடி. நன்றாகப் பூத்த நாட்களில் நூறு கிராம் வரை கிடைத்தது. தொடுக்கும் பூவை மலர்வதற்கு முன், முழு வளர்ச்சி பெற்ற மொட்டாக அதிகாலையிலேயே பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் வாடிவிடும்.

பூக்கும் காலத்தில் ஓர் எச்சரிக்கை. மொட்டில் துளை விழுந்தோ, மொட்டுகள் நூலாம்படையால் பிணைக்கப்பட்டோ காணப்பட்டால் அது மொட்டுப்புழுவின் வேலை. அத்தகைய மொட்டுகளைக் கிள்ளி எடுத்து அழித்துவிட வேண்டும். செடியின் அடியில் உதறிவிடுதல் கூடாது. தொடக்கத்திலேயே வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் பெருமளவு கட்டுப்படும்.

வெட்டுண்டவை என்னவாயின?

நூறு கிராம் பூவைத் தொடுத்து விற்று ஒரு குடும்பம் வாழ இயலுமா? இயலாது. ஒரு கொடியால் பீடி முறத்தை விலக்கிவிட முடியும் என்று நான் எழுதினால், அது மீண்டும் ஒரு யூரியா யோசனையாகவே முடியும்.

ஆனால் சகோதரி எனக்குச் சொல்லாமல் ஒன்றைச் செய்திருந்தார். கொடியை வெட்டிய அன்று மாலை, குப்பைக்குச் செல்லவிருந்த கிளைகளிலிருந்து பென்சில் பருமனுள்ள பன்னிரண்டு துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, மணலும் தொழுவுரமும் கலந்த பழைய பால் பைகளில் ஊன்றி, நிழலில் வைத்திருந்தார். அவற்றுள் ஐந்து வேர் பிடித்தன. அந்த ஐந்தையும் 2024 ஆடியில் சுற்றுச்சுவரை ஒட்டி, வெயில் படும் இடமாகப் பார்த்து நட்டார். குழி தோண்டியவர் மருமகன். வண்டி இன்றும் வாசலில்தான் நிற்கின்றது.

2025ஆம் ஆண்டு பருவத்தில் தாய்க்கொடியுடன் அந்த ஐந்தும் சேர்ந்து பூத்தன. தெருவில் உள்ள வீடுகளுக்கே பூ போதவில்லை. பூவுள்ள மாதங்களில் நாளொன்றுக்கு ஆயிரம் பீடி என்றிருந்ததைச் சகோதரி ஐந்நூறாகக் குறைத்துக்கொண்டார். இருமல் முற்றிலும் நின்றுவிடவில்லை. இரவில் தூங்க முடிகிறது என்கிறார். பூவில்லாத மாதங்களுக்கு என்ன வழி என்பது இன்னும் தீராத கேள்வியே.

பூக்காத கொடியை உடைய சகோதரியர், அதனை வேரோடு பிடுங்குவதற்கு முன் ஒருமுறை பார்வையிடுங்கள். வெயில் விழுகிறதா? அடிமண் சேறாக உள்ளதா? இதுவரை என்ன எரு இட்டீர்கள்? கத்தரி பட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டபின், உரிய மாதத்தில், உரிய உயரத்தில் துணிந்து வெட்டுங்கள். வெட்டிய கிளைகளையும் குப்பையில் எறியாதீர்கள்.

இம்மாத இதழ் உங்கள் கையில் கிடைக்கும்போது எங்கள் பின்முற்றத்தில் ஆறு கொடிகள் நிற்கும். அடுத்த டிசம்பரில் அவற்றைக் கவாத்து செய்ய நான் வர வேண்டியதில்லை என்று சகோதரி சொல்லிவிட்டார். அவர் கையிலேயே இப்போது கத்தரி இருக்கின்றது.